அடுத்தவர் கோட்டுக்கு மட்டும் பெப்டைட்

ஆராய்ச்சிக்கூடங்களில் ‘பிறர்சந்தேகி’ என்றொரு இனம் உண்டு. வெள்ளை அங்கி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, உலகத்தில் யார் கட்டுரை எழுதினாலும் “பெப்டைட் போட்டுப் பாத்தாங்களாமா?” என்ற ஒரே கேள்வி. இவற்றை வைத்து அடையாளம் காணலாம்.

நல்ல கேள்விதான். செல்லுக்குள் இருக்கும் கைனேஸ் என்ற புரதத்தைப் பிடிக்க ஆன்டிபாடி என்ற இன்னொரு புரதத்தை ஏவுகிறார்கள்; பிடித்தால் படத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். பிடித்தது சரியான ஆளைத்தானா? அதே புரதத்தின் சின்னத் துண்டு ஒன்றைச் செயற்கையாகச் செய்து, ஆன்டிபாடியின் வாயில் முதலிலேயே அடைத்துவிட வேண்டும். அந்தத் துண்டுதான் பெப்டைட். கோடு மறைந்தால் ஆன்டிபாடியை ஓரளவு நம்பலாம். மறையாவிட்டால் இத்தனை நாளும் வேறு எவனையோ பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இதைச் சொல்லியே எங்கள் கூடத்து நம்மவர், மதிப்பீட்டுக்கு வந்த ஊரார் கட்டுரைகளில் பதினேழைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். சொந்தக் கோடு என்றால்? “அத எதுக்கும்மா சோதிக்கணும்? பாத்தாலே தெரியுதே!” அவருடைய பெப்டைட் குப்பி நான்கு வருடமாக ஃப்ரீசரில், மூடி திறக்காமல், சுகமாகக் கிடந்தது.

அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், அந்தக் கோட்டை நம்பி மூன்று வருடத்தைக் கொட்டியவள். ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் மனசு கேட்காமல் குப்பியைத் திறந்துவிட்டாள். கோடு குத்துக்கல்லாட்டம் நின்றது.

“பெப்டைட் கெட்டுப்போயிருக்கும்மா.”

புதிதாக வரவழைத்தார்கள். அப்போதும் நின்றது.

“பெப்டைட் செஞ்சவங்க சரியா செய்யல.”

“ஆன்டிபாடி தப்பா இருந்தா, சார்?”

“அது நம்ம ஆன்டிபாடிம்மா!”

“அப்ப மூணு வருஷமா நான் எதப் பாத்துட்டு இருந்தேன்?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “பழைய படத்த மட்டும் வை. பெப்டைட் போட்டீங்களான்னு யாரு கேக்கப் போறாங்க?”

கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்!

அவள் ஆய்வேட்டில் இரண்டு படங்களையும் வைத்தாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அவர் அவளோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்குமே? மேலதிகாரி, மைத்துனர், எதிர்வீட்டுக்காரர்? நேற்று இதை நம்மவரிடமே படிக்கக் கொடுத்தேன். “யாருன்னு தெரிஞ்சுபோச்சு, பக்கத்து லேப்காரன்தானே?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். உங்களை மாதிரியேதான்.