ராஜா வீட்டுப் பேரிக்காய்

‘எனக்குத் தெரியாதுங்க’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதைச் சொல்லாமல் தப்பிக்க, இருபத்தாறு வயதில், ஒரு ராஜாவின் பேரிக்காயைக் கடித்துத் தின்றிருக்கிறேன்.

நான் காதலித்த செல்வியின் அப்பாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி. வெண்டைக்காயின் நுனியை ஒடித்தே எப்போது பறித்தது என்று சொல்லிவிடுவார். நான் கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டிக்காரன். வீட்டைச் சுற்றிப் பேரி மரங்கள். அவற்றின் அடியில் உட்கார்ந்து கவிதை எழுதியதோடு சரி. (பறிப்பது அண்ணன். நிழல் மட்டும் என் பங்கு.)

“கவிதை எழுதுறவருக்குப் பொண்ணக் குடுத்துட்டு மண்டியில எப்புடி ஒக்கார்றது?” என்று கேட்டவர், என்னை நேரில் எடைபோட மகளோடு கொடைக்கானலுக்கே வந்துவிட்டார்.

“தோட்ட வேலையெல்லாம் தெரியும்னு சொல்லி வச்சிருக்கேன். சொதப்பிராதீங்க,” என்று செல்வி காதைக் கடித்தாள்.

ஏதோ ஒரு ராஜா கோடைக்கு வந்து தங்கிய, இப்போது காட்சியகமாகிவிட்ட ஏரிக்கரை மாளிகைக்குக் கூட்டிப்போனேன். ஏரியிலிருந்து கிளம்பிய பனி, டிக்கெட் வாங்காமல் ஜன்னல் வழியாக நுழைந்து எங்களுக்கு முன்னால் நடந்தது. அதைப் பற்றி நான் நான்கு வரி சொன்னேன். அவர் கொட்டாவி விட்டார்.

சாப்பாட்டு அறை மேசையில், வெள்ளித் தட்டு நிறையப் பேரிக்காய். அவர் நின்றார்.

“தம்பி, ஒங்க ஊரு சரக்கு மாதிரி கெடக்கு. பழமா, செங்காயா?”

மண்டியில் கடித்துப் பார்க்காமல் யாரும் பழத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று செல்வி சொல்லியிருந்தாள். மேசையைச் சுற்றிக் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்கு மேலே எட்டி ஒன்றை எடுத்தேன். கடித்தேன். மெழுகுவர்த்தியின் ருசி. அப்போதாவது துப்பியிருக்கலாம். மென்று, விழுங்கி, நிதானமாகச் சொன்னேன்:

“இன்னும் ரெண்டு நாள் பதமாகணுங்க.”

காவல்காரர் தலையில் கைவைத்து ஓடிவந்தார். “ஐயோ சார், அது மெழுகு சார்! ராஜா காலத்துச் சாமான்! துப்புங்க சார், ஒட்டியாச்சும் வைக்கிறேன்!”

“முழுங்கிட்டேங்க.”

செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன்.

காவல்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தோம். செல்வியின் அப்பா ஏரிக்கரை வரை முன்னால் நடந்தார். கல்யாணம் அவ்வளவுதான் என்று வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அது மெழுகுன்னு வாசப்படியிலயே எனக்குத் தெரியும். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தேன் கேட்டேன். நெசமாவே முழுங்கிட்டீங்களா?”

“ஆமாங்க.”

என் தோளில் கைவைத்தார்.

“செல்வி சமையல் சுமாராத்தேன் இருக்கும். நீங்க பொழச்சுக்குவீங்க, மாப்ள.”

காலையிலிருந்து ‘தம்பி’யாக இருந்தவன் நான்.

போன மே மாதம் பிள்ளைகளோடு அங்கே போனோம். அந்தப் பேரிக்காயில் நான் கடித்த பக்கம் இப்போது முன்னால் இருக்கிறது. “சின்ன இளவரசர் பசியில கடிச்ச தடம்,” என்று வழிகாட்டி விளக்கினார். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

“இளவரசருக்கு முன்பல்லுல சந்து இருந்துச்சோ?” என்றாள் செல்வி.

நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் இன்றும் குழம்பில் உப்புக் கூடினால் யாரும் என்னிடம் கேட்பதில்லை. நான் எதையும் முழுங்குவேனாம்.