பிழையில்லாத வெயில்

சூரியனைக் கிழக்கே உதிக்க வைப்பது இயற்கையின் வேலை. உதித்தது சரிதானா என்று சொல்வது எங்கள் வேலை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், இரண்டாவது மாடியில், ஏசி போட்ட ஓர் அறையில் அந்த மகத்தான பணி நடக்கிறது. அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு இருந்தது. வெயில் கண்ணில் பட்டால் கணிப்பு 'ஒருதலைப்பட்சமாகி' விடும் என்று எங்கள் மேனேஜர் பவன்குமார் பிளைவுட் அடித்து மூடிவிட்டார். அமெரிக்காவில் பல வருஷம் இருந்து திரும்பியவர். அரசாங்கம் செய்தால் தாமதம், கம்பெனி செய்தால் திறமை என்று நாடு முடிவெடுத்த பிறகு, அந்தத் திறமையைத் தோளில் சுமந்து வந்தவர்களில் ஒருவர். அடியேன் அவருக்குக் கீழே துல்லிய மதிப்பீட்டு அலுவலர். சொந்த ஊர் புத்தூர்.

பாலசமுத்திரம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சோலார் பிளான்ட் இருக்கிறது. நாளைக்கு அங்கே எவ்வளவு கரண்ட் வரும் என்று இன்றே மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதும் வந்ததும் ரொம்ப விலகினால் அபராதம். எங்கள் கம்ப்யூட்டர் கணிப்பு மாடலோ ஒரு குளிர் நாட்டில் பிறந்தது. சித்தூர் ஜில்லா வெயிலை அது நம்பவே இல்லை. தினமும் குறைவாகச் சொன்னது; தினமும் கரண்ட் கூடுதலாக வந்தது. பிழை எங்கே என்று கண்டறியக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது.

"மாடல் தப்பா இருக்கலாமா சார்?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டேன்.

பவன்குமார் என்னைப் பரிவோடு பார்த்தார். "சூடண்டி, இங்க பாருங்க, மாடலுக்கு எண்பது லட்சம் குடுத்திருக்கோம். வெயிலுக்கு என்ன குடுத்தோம்?"

ஆகவே பிழை வெயில் பக்கம்தான் என்று தீர்மானம் நிறைவேறியது. மேலும் ஆராய்ந்ததில் உடந்தையாக இருந்தவர் அகப்பட்டார். அவர் பெயர் ரத்தினம்மா, சோலார் பலகைகளைக் கழுவும் கூலியாள். அவர் கழுவிய மறுநாளெல்லாம் உற்பத்தி எகிறியிருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் கழுவுவதை அந்த அம்மாள் ஒரு பழக்கமாகவே வைத்திருந்தார். கழுவுதல் 'மறு உத்தரவு வரை' நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்தப் பலகைகள் நிற்கும் நிலத்தில் இரண்டு ஏக்கர் ரத்தினம்மாவுடையது. காலம் காலமாக அடுத்தவர் நிலத்தில் கூலி செய்த குடும்பம். அவருடைய நைனா காலத்தில்தான் சர்க்கார் மூன்று ஏக்கர் பட்டா கொடுத்தது. இரண்டைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மிச்சம் ஒன்றில் போர் போட்டுத் தக்காளி வைத்திருந்தார். நிலம் விட்டவர்களின் மோட்டார்களுக்குப் பகலில் பிளான்டிலிருந்தே கரண்ட் என்பது ஒப்பந்தம்.

தூசி படிந்தது. உற்பத்தி இறங்கி வந்து ஒரு வாரம் எங்கள் கணிப்போடு ஒட்டி நின்றது. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். ஆனால் தூசிக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. உற்பத்தி கணிப்புக்கும் கீழே போய்விட்டது. கழுவினால் கூடுகிறது, விட்டால் குறைகிறது. இந்த இக்கட்டில்தான் பவன்குமாரின் மேதைமை வெளிப்பட்டது. ஊர் மோட்டார்களுக்குப் போகும் லைனை நிறுத்தி, அந்தக் கரண்டையும் வாரியத்துக்கே அனுப்பச் சொன்னார். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

ரத்தினம்மா இரண்டு பஸ் மாறி எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"பிஞ்சி உட்ற நேரம் சார். மோட்ரு ஓடி எட்டு நாளாச்சி. செடியெல்லாம் கருகிக்கினு வருது."

"பலகையெல்லாம் தூசி அம்மா. கரண்ட் கம்மி," என்றார் பவன்குமார்.

"அதத்தான் சொல்றேன். நான் கழுவிட்றேன். கூலி கூட வேணா."

"கழுவினா கூடிடும்."

"கூடுனா நல்லதுதானே?"

"ஊருக்கு நல்லது. கணிப்புக்கு?"

ரத்தினம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்போ பாதி கழுவறேன்."

"பாதி கழுவறதுக்கு மாடல்ல ஆப்ஷன் லேதம்மா."

"அந்தக் கணிப்புலயே கொஞ்சம் கூட எழுதிக்கினா இன்னா சார்? வெயிலு இந்த அடி அடிக்குது. வெளிய வந்து பாருங்க."

வெளியே வந்து பார்க்க ஹைதராபாத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும் என்று நான்தான் விளக்கினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இல்லாததால் பதிவு செய்யவில்லை.

அந்த மாதம் தலைமையகம் புதிதாக இன்னொன்றும் கேட்டது. ஊரின் பகல் மின்தேவையையும் கணித்துச் சொல்ல வேண்டுமாம். லைனே இல்லாத ஊருக்கு ஏது தேவை? 'பூஜ்யம்' என்று எழுதி அனுப்பினேன்.

கோடை முடியும்போது எங்கள் துல்லியத்தை மதிப்பிட ஹைதராபாத்திலிருந்து தாமோதரன் என்ற அதிகாரி வந்தார். ஜீப்பில் ஊருக்கு அழைத்துப் போனேன். ரத்தினம்மாவின் ஏக்கரில் செடிகள் ஊன்றுகுச்சியோடு சருகாக நின்றன. மோட்டார் ஷெட்டில் பூட்டு.

"இங்கே பகல் தேவை எவ்வளவு?" என்றார் அவர்.

"பூஜ்யம் சார்."

"உங்க கணிப்பு?"

"பூஜ்யம்."

முதுகில் தட்டிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பஸ் நிற்கும் இடத்தில் ரத்தினம்மா மூட்டையோடு நின்றிருந்தார். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறாராம். ஜீப்பை நிறுத்தச் சொன்னேன்.

"எப்பம்மா திரும்பி வருவீங்க?" என்றேன். அடுத்த வருஷக் கணிப்புக்குத் தேவைப்பட்டது.

"நீங்கதான் சொல்லணும் சார். நீங்க எழுதறதுதானே நடக்குது."

துல்லியத்துக்கான விருது வந்தது; ஜன்னல் இருந்த இடத்தில், பிளைவுட்டின் மேலேயே அதை மாட்டியிருக்கிறோம். சூரியனைக் கணித்ததில் துல்லியம் தொண்ணூற்றேழு சதவீதம். ஊரைக் கணித்ததில் நூறு. அந்த மூன்று சதவீதப் பிழை வெயில் செய்தது. அந்த நூறு மட்டும் முழுக்க முழுக்க நாங்கள் செய்தது.