சுண்டுக்குள் அடங்காத மாவு

"ஒரு சுண்டு சீனிய முழுங்கிட்டானே, களவாணி!"

பங்களாச் சமையற்காரன் வீரய்யா மேசையில் கொட்டிய சீனியை மறுபடியும் அளந்தான். கடையில் ஒரு றாத்தல் என்று நிறுத்துக் கட்டிக்கொடுத்தது. சுண்டுக் குவளையால் அளந்தால் இரண்டுகூட நிறையவில்லை. ஒரு றாத்தல் மாவு மூன்று சுண்டு வரும் என்பது அவனுக்கு மனப்பாடம். மாவுக்கு மூன்றென்றால் சீனிக்கும் மூன்றுதானே?

பங்களாத் தராசின் சங்கிலி அறுந்ததால் வந்த வினை. நாளை மறுநாள் துரைசாணியின் தங்கை கண்டியிலிருந்து வருகிறாள். இந்தத் தடவையும் கேக் கல்லாக இறுகினால், வீரய்யா கரண்டியை வைத்துவிட்டுத் தேயிலை மலையில் கவ்வாத்துக் கத்தி தூக்க வேண்டியதுதான். துரைசாணி சொல்லிவிட்டாள்.

பொட்டலத்தோடு பதுளைக் கடைத்தெருவுக்கு இறங்கினான்.

"நானா, இது ஒரு றாத்தலா?"

கடைக்காரர் மர்ஸூக் நானா பொட்டலத்தை நிறுத்துக் காட்டினார். தட்டு இரண்டும் நேராக நின்றன. வீரய்யா குனிந்து, தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான்.

"என்ன தேடுறீங்க?"

"ஒன்னுமில்ல நானா, தூசி."

"சீனி கனம், மாவு லேசு. ரெண்டும் எப்படி ஒரே அளவு வரும்? தலகாணிப் பஞ்சு ஒரு றாத்தல் தரட்டா, அளந்து பாக்குறீங்களா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மாவையாவது சரியாக எடுத்துவைப்போம் என்று, அன்று மாலை மூன்று சுண்டு அளந்து டப்பாவில் போட்டான். விளிம்புவரை நின்றது. காலையில் திறந்தால் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

வெளியே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான் பங்களாத் தோட்டக்காரன் கணபதி.

"வாயத் தொற. நாக்க நீட்டு."

நீட்டினான். சிவப்பாக இருந்தது.

"மாவத் தின்னுட்டு வெத்தல போட்டிருக்க!"

"பச்ச மாவ எவண்ணே திம்பான்?"

உள்ளே திரும்பிய வீரய்யா, குறைந்ததை மாவு மூட்டையிலிருந்து நிரப்பி, எல்லாவற்றையும் சலித்தான். இப்போது மாவு டப்பாவில் அடங்காமல் மேசையில் வழிந்தது.

"ராத்திரி கொறஞ்சுது, இப்பக் கூடுது! நானா சுண்ணாம்பு கலந்திருக்காரு!"

துரையின் பிள்ளைக்குப் பால் காய்ச்ச வந்த ஆயா இராக்கம்மா அவனை மறித்தாள்.

"ஏண்ணே பதறுறீங்க? இங்க பாருங்க."

டப்பாவைத் தூக்கி மேசையில் தட்டினாள். மாவு இறங்கியது. அதையே சலித்துப் போட்டாள். பொங்கி நின்றது.

"தட்டுனா அடங்கும், சலிச்சா பொங்கும். மாவோட கொணம் அது. இது தெரியாம ஊரையே களவாணிங்கிறீங்களே!"

வீரய்யாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கணபதியின் தோளைத் தட்டி மன்னிப்புக் கேட்டான். கடைக்குப் போய் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டான். இராக்கம்மா சொன்னபடி மாவைச் சலித்து, தட்டாமல் மூன்று சுண்டு எடுத்தான். சீனிக்கு நானாவின் பொட்டலத்தை அப்படியே கொட்டினான். கேக் பஞ்சாக வந்தது. தங்கைக்காரி இரண்டாம் துண்டு கேட்டு வாங்கித் தின்றாள்.

அதன்பிறகு மாவு மூட்டை நாளுக்கு நாள் இறங்கினாலும், "அடங்குது" என்று தனக்குள் சிரித்துக்கொள்வான். யாரையும் சந்தேகப்படாமல் இருப்பதில் இவ்வளவு சுகமா என்றிருந்தது.

ஒருநாள் கணபதி சமையலறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, நம்ம இராக்கம்மாக்கா லயத்து வீடுங்களுக்கெல்லாம் வெள்ளை ரொட்டி சுட்டுக் குடுக்குதே, அதுக்கு மாவு எந்தக் கடையில வாங்குதாம்?"