எட்டாவது நிறுத்தம்

"அந்தப் பாப்பாவை ஏன்ப்பா ஏத்திக்கல?"

மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். கண்ணாடிக்காரர் அப்போது கணினித் திரையில் ஒரு பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். ஏழாவது நிறுத்தத்துக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் ஓர் அம்மாவும் குழந்தையும் நின்று கை காட்டினார்கள். அவர் நிற்காமல் போய்விட்டார்.

"அது ஸ்டாப் இல்லம்மா. நின்னா மார்க் குறையும்."

"குறைஞ்சா?"

"தோத்துடுவோம்."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க போகணும்னாவது கேட்டிருக்கலாம்ல?"

"இது கேம்மா. அதுங்களுக்குப் போறதுக்கு இடமே கிடையாது."

அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். எட்டு மணி நேரம் அடுத்தவர் பார்வையைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீடியோ கேம் ஆடுவார். ஆடியபின் அதைப் பற்றி ஓர் இணையதளத்தில் கருத்து எழுதுவார். அங்கே அவருக்கு 'மூக்குக்கண்ணாடி' என்று பெயர். அந்த மூக்குக்கண்ணாடி யார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.

எழுதுமுன் கண்ணை மூடி, "பொய் எழுதாமல் காப்பாற்று" என்று வேண்டிக்கொள்வார். காரம் குறையட்டும் என்று ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை.

விவசாய விளையாட்டு ஒன்றைப் பற்றி, 'மூன்றே நிமிடத்தில் தக்காளி பழுக்கிறது. இதை ஆடி வளரும் பிள்ளை, சோறு வேகும்வரைகூடப் பொறுக்காது' என்று எழுதினார். துப்பாக்கி விளையாட்டைப் பற்றி, 'செத்தவன் எழுந்து வந்து அதே இடத்தில் நிற்கிறான். சுட்டவனும் மறுபடி சுடுகிறான். இருவருக்கும் வெட்கமில்லை' என்றார். மேலிருந்து கட்டைகள் விழ விழ அடுக்குகிற விளையாட்டுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். 'அடுக்கினால் காணாமல் போகிறது, மறுபடி விழுகிறது. வீட்டு வேலையை இவ்வளவு உண்மையாக யாரும் காட்டியதில்லை.'

எதை எழுதினாலும், 'எல்லோருடைய கட்டைவிரலும் நலமாக இருக்கட்டும்' என்ற வாழ்த்தோடு முடிப்பார்.

பஸ் விளையாட்டுக்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு நட்சத்திரம்.

'பயணிகள் ஆணியடித்த மாதிரி நிற்கிறார்கள், ஒருவரும் கம்பியைப் பிடிப்பதில்லை. கண்டக்டரின் விசில் குயில் கூவுவதுபோல் இருக்கிறது. முகப்பில் எட்டு நிறுத்தம் என்று போட்டிருக்கிறது. முழு மதிப்பெண் எடுத்தாலும் ஏழோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. எட்டாவதைத் தேடி இருபது தடவை ஓட்டிவிட்டேன். இதைச் செய்தவர் ஆயுளில் ஒருமுறையாவது பஸ்ஸில் ஏறியிருப்பாரா என்பது சந்தேகம். எல்லோருடைய கட்டைவிரலும் நலமாக இருக்கட்டும்.'

மூன்று நாள் கழித்து, மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "மாடி வீட்டு டிரைவர் தம்பி சரியா சாப்பிடறதே இல்லையாம்."

"உடம்பு சரியில்லையா?"

"அவர் ஏதோ கேம் பண்ணியிருக்காராமே. மூணு வருஷமா, டியூட்டி முடிஞ்சு வந்து உட்கார்ந்து உட்கார்ந்து பண்ணினதாம். எவனோ ஒரு பாவி கண்டபடி எழுதிட்டானாம். அதைப் படிச்சதிலேருந்து கம்ப்யூட்டரை விட்டு எந்திரிக்கவே இல்லைன்னு அவங்க அக்கா சொல்றாங்க."

"என்ன கேம்?"

"பஸ் ஓட்டுற கேமாம். அதுல பாருங்க, அந்த ஆளு, 'நீ பஸ்ஸுல ஏறியிருக்கியா'ன்னு கேட்டிருக்கான். பன்னெண்டு வருஷமா பஸ் ஓட்டுற மனுஷனைப் பார்த்து."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அந்தப் பாவிக்குப் பேர்கூட ஏதோ... ஆங், மூக்குக்கண்ணாடியாம். உங்க தொழிலுக்கே கெட்ட பேரு."

மாடி வீட்டு டிரைவருக்கு அந்தக் குடும்பம் கடமைப்பட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மழை நாளில் மகளுக்குக் காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்தது. கணவனும் மனைவியும் அவளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். எந்த வண்டியும் நிற்கவில்லை. பணிமனைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலிப் பஸ் ஒன்று மட்டும் நின்றது. டிரைவர் எதுவும் கேட்கவில்லை. பாதையை விட்டு விலகி, ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினார். தாமதத்துக்காக அவரிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள் என்பது பிறகு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. நன்றி சொல்லப் போனால், "அட, அந்தப் பக்கமாத்தானே போனேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பக்கம் எந்தப் பஸ்ஸும் போகாது.

அந்த மனிதருக்குத்தான் ஒற்றை நட்சத்திரம்.

மறுநாளே கண்ணாடிக்காரர் தவறைத் திருத்த இறங்கினார். அந்தத் தளத்தில் எழுதியதை அழிக்க முடியாது. நட்சத்திரத்தை மாற்றலாம், கீழே ஒரு வரி சேர்க்கலாம். ஒன்றை ஐந்தாக்கி, 'மேலே சொன்ன அனைத்தையும் பாராட்டாகக் கொள்ளவும்' என்று சேர்த்தார்.

மதியத்துக்குள் முந்நூறு பேர் அதற்குச் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். 'மூக்குக்கண்ணாடியின் நக்கலுக்கு ஈடே இல்லை' என்று ஒருவர் எழுதி, அதை நாலு இடத்தில் பகிர்ந்தும் இருந்தார்.

அடுத்து, 'நல்ல பயணி' என்ற புதுப் பெயரில் நுழைந்தார். அன்று மட்டும் எழுதுமுன் கண்ணை மூடவில்லை. 'இப்படி ஓர் அற்புதமான பஸ் விளையாட்டை நான் கண்டதில்லை. பயணிகள் உயிரோடு நிற்கிறார்கள். விசில் சத்தம் தேன்.' ஒரு முழுப் பக்கம் எழுதி முடித்து, பழக்கதோஷத்தில், 'எல்லோருடைய கட்டைவிரலும் நலமாக இருக்கட்டும்' என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். ஆனால் பிடிக்க வேண்டியவரை அல்ல. 'விளையாட்டைச் செய்த ஆளே வேறு பெயரில் வந்து தன்னைப் புகழ்ந்துகொள்கிறார். போதாததற்கு மூக்குக்கண்ணாடியின் வாழ்த்தையும் திருடியிருக்கிறார்' என்று எழுதினார்கள்.

அன்று மாலை மனைவி சொன்னாள். "பாவம், அந்தத் தம்பியைத் திருடன்னு வேற சொல்றாங்களாம்."

"யாரு?"

"யாரோ. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

மூன்றாவது யோசனை கடையில் உதித்தது. புதுக் கண்ணாடி வாங்குகிறவர்கள் பொடி எழுத்து அட்டையைப் படித்துப் பார்ப்பது வழக்கம். கண்ணாடிக்காரர் அட்டையை இழுப்பறையில் போட்டுவிட்டுத் தன் கைப்பேசியை நீட்டினார்.

"இதுல ஒரு பஸ் இருக்கு பாருங்க. ரெண்டு ஸ்டாப் ஓட்டுங்க. பார்வை எப்படி இருக்குன்னு தெரிஞ்சிடும்."

"எழுத்து படிக்க வேண்டாமா?"

"இது புது முறை. பிடிச்சிருந்தா உங்க போன்ல இறக்கிக்கிட்டு, நாலு நல்ல வார்த்தை எழுதிடுங்க."

இரண்டு நாளில் ஒன்பது பேர் ஓட்டினார்கள். தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் ஒரே கண்ணாடியில் சேர்ந்த புது லென்ஸ் போட்ட முதல் ஐந்து நிமிடத்தில், நிற்கிற சுவரே அசைவதுபோல் இருக்கும். ஓடுகிற பஸ்ஸைப் பார்த்தால் கேட்க வேண்டாம். தமிழாசிரியர் ஒருவர் மூன்றாவது நிறுத்தத்தில் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். ஒரு தையல்காரர், "பஸ்ஸை நிறுத்துங்க, நான் இறங்கிக்கிறேன்" என்றார்.

ஒன்பது பேரும் சொன்ன சொல் தவறாமல் எழுதினார்கள். 'இந்த விளையாட்டு தலை சுற்ற வைக்கிறது. குமட்டுகிறது. பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.'

கடை முதலாளியம்மா அவரை அழைத்தார். "அஞ்சு பேர் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. பஸ் ஆடுதுங்கிறாங்க. நம்ம கடையில ஏதுப்பா பஸ்?"

"சரி பண்ணிடறேம்மா."

"நீங்க எதையும் சரி பண்ண வேண்டாம். நாளைக்கு அரை நாள் லீவு எடுத்துக்கிட்டுப் பேசாம வீட்டுல இருங்க."

வீட்டில் இன்னும் பெரிய சேதி காத்திருந்தது. "டிரைவர் தம்பி ரெண்டு நாளா டியூட்டிக்கே போகலை" என்றாள் மனைவி. "படுத்தே கிடக்கிறாராம். அந்தக் கேமை நாளைக்குச் சாயங்காலம் மொத்தமா அழிச்சிடப் போறாராம். மூணு வருஷ உழைப்பு."

மறுநாள் மதியம், மனைவி வேலையிலும் மகள் பள்ளியிலும் இருந்த நேரத்தில், கண்ணாடிக்காரர் மாடிப்படி ஏறினார். காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். ஒவ்வொரு படியிலும் ஒரு தடவை, 'தைரியம் கொடு' என்று வேண்டிக்கொண்டார். மொத்தம் பதினெட்டுப் படி.

டிரைவரின் அக்கா கதவைத் திறந்தார். கூடத்தில் தம்பியின் சீருடைச் சட்டை இஸ்திரி மேஜைமேல் விரிந்து கிடந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"வாங்க தம்பி. அவன் தூங்குறான். தூங்குற மாதிரி கிடக்கிறான்."

"அக்கா, அந்த மூக்குக்கண்ணாடி விஷயமாத்தான்..."

"உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா? அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்." அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார்.

கண்ணாடிக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவர் பார்வை அக்காவின் மூக்கில் நின்றது. தொழில் புத்தி. "உங்க கண்ணாடி இறங்கி இறங்கி வருதே. கொடுங்க, ஸ்க்ரூ லூஸா இருக்கும்." சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டார். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குத் தைரியம் வரும் என்று ஒரு நம்பிக்கை. திருகாணியை முடுக்கிக்கொண்டே ஆரம்பித்தார். "அந்த ஆளு திட்டி எழுதினது பெரிய தப்புதான்க்கா. ஒரு மனுஷனை இப்படிப் படுக்கையில தள்ளி..."

"திட்டினதுக்கா படுத்தான்? யார் சொன்னது?"

திருப்புளி நின்றது.

"சாப்பிடவே எந்திரிக்கலைன்னு..."

"ஆமா, எந்திரிக்கல. அந்த மனுஷன் எழுதினதைப் பெருசா அச்சடிச்சு செவுத்துல ஒட்டிக்கிட்டு, பாட்டு முனகிக்கிட்டே ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டிருந்தான். 'அக்கா, எல்லாரும் மூணாவது ஸ்டாப்புல இறங்கிடறாங்க, இவர் ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் வந்திருக்காரு'ன்னு ஒரே சந்தோஷம். அந்த எட்டாவது ஸ்டாப்பை மட்டும் மாத்த மாட்டேன்னான். மத்தவங்க சிரிச்சதுக்கோ, திருடன்னு சொன்னதுக்கோ அவன் படுக்கலை, தம்பி. அந்த ஆளு ஒண்ணை அழிச்சு அஞ்சு நட்சத்திரம் போட்டாரு பாருங்க, அன்னைக்குத்தான் படுத்தான். 'பொய் சொல்லாத ஒரே ஆளு, அவரும் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, இனிமே யாருக்காகக்கா இதைப் பண்ணணும்'னான்."

கண்ணாடிக்காரர் திருகாணியை முடுக்கி முடித்தார். கண்ணாடியை அக்காவிடம் கொடுத்தார்.

"அட, இறங்கவே இல்லையே" என்றார் அக்கா. "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"எழுதிடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் பதினெட்டுப் படியும் இறங்கி வந்தார்.

வீட்டில் யாருமில்லை. கணினி முன் உட்கார்ந்து கண்ணை மூடினார். பிறகு பஸ்ஸைக் கிளப்பினார்.

பயணிகள் இப்போது கம்பியைப் பிடித்து நின்றார்கள். வளைவில் சாய்ந்தார்கள். விசில் சத்தம் மட்டும் இன்னும் குயில்தான். ஆறு நிறுத்தம் தாண்டினார். முழு மதிப்பெண். சாலையோரத்தில் அந்த அம்மாவும் குழந்தையும் கை காட்டினார்கள். இருபது தடவை பார்த்த இடம்தான். திரையில் அங்கே மழை பெய்துகொண்டிருந்தது என்பதை இன்றுதான் கவனித்தார்.

பிரேக்கை அழுத்தினார்.

கதவு திறந்தது. மதிப்பெண் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. அவர் கை வைக்காமலே பஸ் பாதையை விட்டு இடப்பக்கம் திரும்பியது. அவர் இதுவரை பார்த்திராத ஒரு தெரு வந்தது. தெருவின் கடைசியில் ஆஸ்பத்திரி வாசல். கீழே எழுத்துகள் தோன்றின. 'எட்டாவது நிறுத்தம். தாமதம் நாற்பது நிமிடம். ஓட்டுநர் விளக்கம் எழுதவும்.'

அதன்கீழ் வெறுமையாக ஒரு கட்டம் இருந்தது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'குழந்தைக்குக் காய்ச்சல்' என்று எழுதினார். பஸ்ஸின் விளக்குகள் அணைந்தன.

அதன்பின் தளத்துக்குப் போனார். 'நல்ல பயணி என்ற பெயரில் எழுதியதும் நானே, விளையாட்டைச் செய்தவர் அல்ல. அது பொய். ஒன்பது பேருக்குத் தலை சுற்றியது நான் மாட்டிவிட்ட புதுக் கண்ணாடியால்' என்று முதலில் எழுதினார். ஐந்து நட்சத்திரத்தை நான்காகக் குறைத்தார். 'விசில் இன்னும் சரியில்லை. ஆறாவது வளைவில் பஸ் நடைபாதையில் ஏறுகிறது. எட்டாவது நிறுத்தம் இல்லை என்று சொன்னது என் பிழை. எனக்கு நிற்கத் தெரியவில்லை. அதில் எதையும் மாற்ற வேண்டாம். எல்லோருடைய கட்டைவிரலும் நலமாக இருக்கட்டும்.'

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். பத்து நிமிடம், கால் மணி. மாடியில் ஒரு கதவு திறந்தது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. சற்று நேரத்தில், குயில் ஒன்று இருமுவதுபோல் ஏதோ சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. நாலாவது தடவை, சுத்தமான கண்டக்டர் விசில்.

கண்ணாடிக்காரர் கணினியை அணைத்துவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பினார்.