ஒருவழிப் பாலம்

ஆற்றங்கரையில் பொன்னாவரம் என்றொரு நாடு இருந்தது. பாலம் கட்டும் கலையைக் கற்றுத் தேர்ந்தும் வேலை கிடைக்காத நப்பின்னை அங்கே வாழ்ந்தாள். அவளோடு படித்த கணவன் வளவனோ ஆற்றைக் கடந்து, அண்டை நாட்டில் செங்கல் சுமக்கப் போயிருந்தான். மாலையானால் அவள் கரைக்கு வந்து அக்கரைச் சூளைகளின் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வேலையில்லாதோர் பெருகிவிட்டதாக முணுமுணுப்பு எழுந்தது. மன்னர் தாமதிக்கவில்லை. இனி அவர்கள் ‘நாளைய அதிகாரிகள்’ என்றே அழைக்கப்படுவார்கள் என முரசறைவித்தார். அரிசி விலை உயரப் பார்த்தபோது படியைச் சிறிதாக்கினார். விலை ஏறவில்லை, படி இளைத்தது, கூடவே மக்களும் இளைத்தார்கள்.

தேர்தல் நெருங்கியதும் நப்பின்னை அமைச்சர் பெருஞ்சாத்தனாரிடம் போய் நின்றாள்.

“ஐயா, ஆத்துல ஒரு பாலம் வேணும். நானே கட்டித் தர்றேன். பொழைக்கப் போனவங்க அப்பப்ப வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது போவாங்க.”

அமைச்சர் நெகிழ்ந்தார். “அம்மையே, மன்னரின் கனவும் அதுவே.”

பாலம் எழுந்தது. சுண்ணாம்பில் கை வெந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை. ஒவ்வொரு தூண் எழும்பும்போதும் அவன் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவன்று அக்கரை முனையில் வளவன் நின்றான். மெலிந்திருந்தான். பாலத்தில் அவன் கால் வைத்ததும் காவலர்கள் வேல்களைக் குறுக்கே நீட்டினார்கள்.

“இது போவதற்கான பாலம்,” என்று விளக்கினார் அமைச்சர். “திரும்பி வருவோரை அனுமதித்தால் நாளைய அதிகாரிகள் பெருகிவிடுவர். நாட்டின் வளர்ச்சி என்னாவது?”

“அப்ப நான் எதுக்குய்யா இதைக் கட்டினேன்?”

“உமது பணி நிறைவுற்றது. இனி நீரும் நாளைய அதிகாரியே.”

நப்பின்னை தன் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். பிறகு பாலத்தில் ஏறி அக்கரைக்கு நடந்தாள். அடுத்தடுத்த நாட்களில் ஊரே அவள் பின்னால் வந்து சேர்ந்தது.

தேர்தல் முடிந்த அன்று முரசொலி ஆற்றைத் தாண்டிக் கேட்டது. வேலையில்லாதவர் ஒருவர்கூட இல்லாத நாட்டின் மன்னர் மீண்டும் வென்றிருந்தார். நப்பின்னை காவலர்களிடம் விசாரித்துவிட்டு வந்தாள்.

“ஊர்ல ஆளே இல்லையே, யாரு ஓட்டுப் போட்டாங்களாம்?” என்றான் வளவன்.

“நாமதானாம்,” என்றாள் அவள். “ஒருத்தர் விடாம ஊருக்குப் போய்ப் போட்டுட்டு வந்திருக்கோமாம்.”

வளவன் சிரிக்கவில்லை.

“வீட்டைப் பாத்தோமான்னு கேட்டியா?” என்றான்.