ஏலத்தில் எடுத்த வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ்

சேலையூர்,
20.8.2005

பிரியத்துக்குரிய மச்சான் பர்வேஸுக்கு, உன் அக்கா வீட்டுக்காரர் கிபாயத்துல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சவூதி தம்மாமில் நீயும் உன் வேலையும் நல்லபடி இருக்க துஆ செய்கிறோம். இங்கே உன் அக்கா சபீஹா, பிள்ளை அய்மான், நம் மெத்தைக் கடை எல்லாரும் சௌக்கியம். நான் மட்டும் சௌக்கியமில்லை. போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும் என்பதால், நாளை அங்கே விமானம் ஏறும் எதிர்க்கடை தசரதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

விஷயம் வீடுதான். செம்பாக்கத்தில் பேங்க் ஜப்தி செய்த வீட்டை நான் ஏலத்தில் எடுத்தது உனக்குத் தெரியும். அதை நான் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை என்பது தெரியாது. பைக்கில் உட்கார்ந்தபடியே காம்பவுண்டைப் பார்த்தேன், அவ்வளவுதான். கால் பங்கு பணம் கட்டி ரசீது வாங்கியபின் மேனேஜரிடம் சாவி கேட்டால், "சாவியா? உள்ளதை உள்ளபடி வித்திருக்கோம் சார். அவங்க உள்ளதான் குடியிருக்காங்க, நீங்களே பேசிக்கிட்டா நல்லது" என்கிறார். உள்ளதில் அவர்களும் சேர்த்தி என்று நான் என்ன கனவா கண்டேன்? வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். மச்சினன் பிசினஸுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டியவராம். பொதுவாகச் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை.

மீதிப் பணத்தை வரும் வியாழனுக்குள் கட்டாவிட்டால் கட்டினதும் போச்சு. இதில் உன் அக்கா வேறு ஒரே பிடிவாதம். "அடுத்தவங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கினு அந்த வூட்ல ஒரு வாய் சோறு எறங்குமா? அந்த மனுஷன் மனசார என் கையில சாவி குடுக்கட்டும், வரேன். இல்லாட்டி நீங்க மட்டும் போய்க் குடியிருங்க" என்று சொல்லிவிட்டாள்.

சரி, காலில் விழுந்தாவது கேட்போம் என்று போனேன் மச்சான். வாசல் சுவரில் பேங்க்காரன் ஒட்டின நோட்டீஸ் மேல பெருமாள் காலண்டர் தொங்குது. அவரே வெளிய வந்து, பேரு கேட்டாரு, சொன்னேன், "வீடு பாக்க வந்தேளா?"ன்னாரு, ஆமான்னேன், அது பொய் இல்லையே, உள்ள கூட்டினு போயி ஒவ்வொரு ரூமாக் காட்டுறாரு, கெணத்துத் தண்ணி கல்கண்டுங்கறாரு, மழை வந்தா ஏரித் தண்ணி ரெண்டு படி வரைக்கும் வந்து விசாரிச்சுட்டுப் போகும்னு அதையும் மறைக்காம சொல்றாரு, அவர் சம்சாரம் திரிபுரசுந்தரி அம்மா டம்ளர்ல காப்பி கொண்டாந்து வைக்கிறாங்க, அப்புறமாத்தான், "நாங்க கேளம்பாக்கத்துல பொண்ணு மிருதுளாவாத்துக்குப் போறோம், வாடகை கூடக் கொறைய இருக்கட்டும், நல்ல மனுஷாளா இருந்தாப் போறும்"ங்கறாரு. அந்தக் காப்பி தொண்டையில இருக்கறப்ப, ஐயா உங்க வூட்ட நான் ஏலத்துல எடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது? பாக்கெட்ல கைய வுட்டு டோக்கன் அட்வான்ஸ் ஐநூத்தி ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு வந்துட்டேன். சொந்த வூட்டுக்கு அட்வான்ஸ் குடுத்த மொத ஆளு தாம்பரம் வட்டாரத்துலயே நான்தான்.

வூட்டுக்கு வந்து உங்கக்காகிட்ட, எல்லாத்தையும் பேசிட்டேன், அவருக்கு மனசுல ஒண்ணுமில்லன்னு அளந்துட்டேன். நேத்து அவளே கெளம்பி கூட வந்துட்டா. ரெண்டு பொம்பளைங்களும் கீரை வெல ஆரம்பிச்சு குக்கர் கேஸ்கெட் வரைக்கும் பேசறாங்க. நான் வேர்த்துக்கினு நிக்கிறேன். கடைசில அவர் தட்டுல வெத்தலை பாக்கோட சாவிய வெச்சு அவ கையில குடுத்து, "ராசியான வீடும்மா, வர்ற வெள்ளிக்கெழம பால் காய்ச்சிக்கோங்கோ, நன்னா இருங்கோ"ன்னாரு. உங்கக்கா ஆட்டோவுல வர்ற வழியெல்லாம் கண்ணத் தொடைச்சிக்கினே வந்தா. நான் மூஞ்ச வெளிப்பக்கம் திருப்பிக்கினேன்.

வீடு ஏலம் போனது தெரியாம, வாடகைக்குன்னு நெனச்சுக் குடுத்த துஆ அது. ஏமாத்தி வாங்கினது. அந்த வூட்ல எனக்குத் தூக்கம் வராது மச்சான். ராத்திரியெல்லாம் யோசிச்சு முடிவு பண்ணிட்டேன், கட்டின பணம் போனாப் போவுது. நாளைக்கே போயி உண்மையச் சொல்லி, சாவியத் திருப்பிக் குடுத்துடறேன். நீ அனுப்பறேன்னு சொன்ன பணத்தைத் தயவு பண்ணி அனுப்பாதே. உங்கக்காகிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும் யோசனை எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடவும். அறைத் தோழர்கள் எல்லோருக்கும் என் சலாம் சொல்லவும். அல்லாஹ் உன்னை எந்த ஜாமீன் கையெழுத்துக்கும் ஆளாக்காமல் காப்பானாக.

இப்படிக்கு,
கிபாயத்துல்லா

பி.கு: கவரை ஒட்டும் நேரத்தில் ஸ்ரீநிவாசராகவன் சாரே கடைக்கு வந்துட்டாரு. ஐநூத்தி ஒண்ணை மேசை மேல வெச்சாரு. "ஏலத்துல எடுத்தவா பேரைப் பேங்க்ல அன்னிக்கே சொல்லிட்டா. நீங்க பேர் சொன்னப்பவே தெரியும். வீடு போயிடுத்துன்னு என் வாயால வரலை, உங்களுக்கும் வரலை. தெருவுல எல்லார்ட்டயும், வாடகைக்கு விட்டுட்டுப் போறோம்னுதான் சொல்லியிருக்கேன். அதை மட்டும் காப்பாத்திக் குடுங்கோ. ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி வாடகை வாங்கறாப்ல வந்துட்டுப் போறேன், வெறும் கவர் போறும்" என்றார். ஆகட்டும்னு தலைய ஆட்டினேன். ஆகவே மேலே எழுதினது எல்லாம் கேன்சல், பணத்தை உடனே அனுப்பு. படியிறங்கினவர் திரும்பி வந்து, "சுவத்துல ஆணி மட்டும் அடிக்கப்படாது"ன்னாரு. சரி சார்னேன்.