கரடி வீட்டு டைம்டேபிள்

ஒரு காட்டில், தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துபோகும் காட்டில், தில்லைநாயகி என்றொரு கரடி குடும்பம் நடத்தி வந்தாள். புருஷன் ஜம்புலிங்கம், குட்டிகள் இரண்டு. எல்லாக் கரடியும் குகையில்தான் குடியிருக்கிறது. ஆனால் தில்லையின் குகையில் மட்டும் கறையான் டப்பாவில் 'கறையான்' என்றும், தேன் டப்பாவில் 'தேன் – திறந்தவர் மூடவும்' என்றும் லேபிள் ஒட்டியிருக்கும். குளத்தங்கரையில் கொக்கு சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவள். அங்கே ரிப்பன் அவிழ்ந்தாலே ஒற்றைக் காலில் நிற்கவைப்பார்கள். சிஸ்டர்களும் ஒற்றைக் காலிலேயே நிற்பதால் எதிர்த்துப் பேச வழியில்லை.

அந்தப் பள்ளித் தோழிகள் எல்லாரும் சேர்ந்து வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறி, அருவிக்குப் போய் நான்கு நாள் தங்குவதாக ஏற்பாடு. கல்யாணமான பதினாறு வருஷத்தில் தில்லை வீட்டை விட்டுத் தங்கப் போனது பிரசவத்துக்கு மட்டும்தான். அதையும் ஓய்வென்று சொன்னவன் ஜம்புலிங்கம் ஒருவனே. இந்தத் தடவை போயே தீருவது என்று அவள் முடிவு கட்டினாள்.

"நீ போயிட்டா வீட்டை யாரு பாக்கறது?" என்றான் ஜம்புலிங்கம், ரிமோட்டைத் தேடிக்கொண்டே. ரிமோட் அவன் மடியில் இருந்தது.

"டைம்டேபிள் பாத்துக்கும்" என்றாள் தில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். எந்தக் கிழமை யாருக்கு என்ன டிபன், லாரி ஹாரன் கேட்டால் எந்தக் குடம் முதலில் போகவேண்டும், சின்னக் குட்டி எதற்கு அழுதால் நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது, எல்லாம் அதில் இருந்தது. மோட்டார் போடுகிறவரே நிறுத்தவும் வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் இரண்டு முறை எழுதினாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். புதன்கிழமை ஒத்திகை என்று அறிவித்துவிட்டு, நாற்காலியில் வாயை இறுக மூடி உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான்.

ஆச்சரியம், எல்லாம் நடந்தது. பெரிய குட்டி மோட்டாரைப் போட்டு, மறக்காமல் நிறுத்தியது. சின்னது தன் தட்டைத் தானே கழுவியது. ஜம்புலிங்கம் பேப்பரை ஒரு கண்ணாலும் அடுப்பை ஒரு கண்ணாலும் பார்த்து உப்புமாவே கிண்டிவிட்டான். தில்லைக்குக் கண் கலங்கியது. பரணிலிருந்து பெட்டியை இறக்கி நான்கு புடவை மடித்து வைத்தாள்.

சாயங்காலம் ஜம்புலிங்கம் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"ஏன் தில்லை, இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா பதினாறு வருஷமா மூச்சு வாங்கினே? போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அசந்துட்டான். 'அண்ணி வீடா, ஹோட்டலா'ன்னு கேக்கறான். குடும்பத்தோட கிளம்பி வாடான்னுட்டேன். ஆறு பேர். வெள்ளிக்கிழமை வராங்க. பத்து நாள் இருப்பாங்க."

"வெள்ளிக்கிழமை எனக்கு பஸ்ங்க."

"வந்தவங்களை வான்னு சொல்ல வீட்டுக்காரி இல்லேன்னா நல்லாவா இருக்கும்? அருவி எங்கே ஓடியா போயிடும்?"

அருவிக்கு வேறென்ன வேலை என்று தில்லைக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

மறுநாள் காலை, வரவில்லை என்று சொல்ல எருமை பிலோமினா வீட்டுக்குப் போனாள். பிலோமினா பள்ளியில் அவள் பக்கத்து பெஞ்சு. அவள் வீடு ஒரே சேறு. புருஷன் கழுத்துவரை சேற்றில் கிடந்தான், கன்றுகள் காதுவரை. நடுவில் பிலோமினா, பிளாஸ்டிக் பையில் ஒரு துண்டைத் திணித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் நான்கு நாள் பயணத்துக்கான மூட்டை.

"உங்க வீட்ல எப்படிடி விட்டாங்க?"

"என்னத்த விடறது? போறேன்னேன். 'உம்'முன்னாரு. நீ இல்லேன்னா வீடு நடக்காதுன்னு நீ பண்ணி வெச்சிருக்கே. எங்க வீடு நான் இருந்தாலும் நடக்காது. அப்புறம் யாருடி என்னைத் தடுப்பா?"

"விருந்தாளி வந்தா?"

"எட்டு வருஷம் முன்னே நாத்தனார் வந்தா. உட்கார ஒரு சுத்தமான இடம் கேட்டா. 'தேடிப் பாரு'ன்னேன். தேடிக்கிட்டே அவ வீடு வரைக்கும் போயிட்டா."

தில்லை வீட்டுக்குத் திரும்பினாள். நேரே ஃபிரிட்ஜிடம் போய் டைம்டேபிளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஈரத்துணி எடுத்து லேபிள் அத்தனையும் உரித்தாள். கொக்கு சிஸ்டர்கள் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்கள். பிறகு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று பெரிய குட்டி கத்தியது.

"தெரியல."

வீடே ஒரு கணம் நின்றது. அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

லாரி வந்து ஹாரன் அடித்து, சலித்துப் போய்விட்டது. "எனக்குக் காதுல விழலையே" என்றாள். இட்லிக்கு மாவு எங்கே என்றான் ஜம்புலிங்கம். "அரிசி ஊறப்போட மறந்துட்டேங்க." மத்தியானத்துக்குள் ஏழு பொய் ஆகிவிட்டது. எட்டாவது பொய் சர்க்கரை டப்பா எது என்பது பற்றி. ஜம்புலிங்கம் தானே தேடி, கறையான் பொடியில் காபி கலந்து, பாதி குடித்த பிறகு கண்டுபிடித்தான். சின்னக் குட்டி வெறுந்தரையில் படுத்து அழுதது. எதற்கு அழுகிறது, நம்பலாமா கூடாதா என்று சொல்ல இப்போது எந்தப் பேப்பரும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜம்புலிங்கம் வாசலில் நின்று போன் பேசுவது கேட்டது.

"தம்பி, இப்போ வேணாம்டா. குடிக்கத் தண்ணி இல்லை, மாவு இல்லை. உங்க அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு. சாக்ஸ் எங்கேன்னா தெரியலங்கறா. பொங்கலுக்குப் பாத்துக்கலாம்."

உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தில்லை, நீ அந்த அருவிக்கே போயிட்டு வா. உச்சந்தலையில தண்ணி கொட்டினா எல்லாம் தெளியும்பாங்க. நீ இருந்தும் வீடு இந்த லட்சணத்துலதானே இருக்கு."

"நாலு நாள்ல தெளியுமாங்க?" என்று தில்லை தயங்கினாள்.

"தெளியலேன்னா இன்னும் ரெண்டு நாள் சேர்த்துக் குளிச்சுட்டு வா."

வெள்ளிக்கிழமை காலை ஜம்புலிங்கமே அவளைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டான். பெட்டி எங்கே என்று அவளைக் கேட்கவில்லை. தானே தேடி எடுத்துக்கொண்டு வந்தான்.

நீதி: ஒழுங்காக இருக்கும் வீட்டுக்கு விருந்தாளி வருவார். போட்டது போட்டபடி கிடக்கும் வீட்டுக்குத்தான் பஸ் வரும்.